ஒரு வருமானம், பல கணக்கு: கோபி வட்டாரத்து யூடியூபர் ஒருவரின் வரி விவகாரம்

கோபிசெட்டிபாளையத்திலிருந்து சத்தியமங்கலம் போகும் சாலையை ஒட்டிய ஒரு கிராமத்தைச் சேர்ந்த இருபத்தொன்பது வயது இளைஞர், 2025 நவம்பரில் நான் கணக்குப் பார்க்கும் அலுவலகத்துக்கு வந்தபோது, கையில் ஒரு வங்கியின் வீட்டுக்கடன் விண்ணப்பத்தைத்தான் கொண்டு வந்திருந்தார். விண்ணப்பத்தோடு மூன்று ஆண்டு வருமான வரிக் கணக்கு இணைக்கப்பட வேண்டும் என்று வங்கி சொல்லியிருந்தது. அவரோ அதுவரை ஒரு முறைகூடக் கணக்குத் தாக்கல் செய்தவரல்லர். "லோனுக்கு வேணும்ங்க, வருமானத்தைக் கொஞ்சம் தூக்கலாப் போட்டுக் குடுங்க" என்றார். அவர் சொன்ன பதினைந்து லட்சத்துக்கு எவ்வளவு வரி வரும் என்று நாங்கள் தாளில் போட்டுக் காட்டிய அரை மணி நேரத்துக்குள், "அப்பக் கம்மியாவே போட்டுருங்" என்றார். இரண்டு பேச்சுக்கும் நடுவில் அவர் ஒரு டீ குடித்திருந்தார், அவ்வளவுதான். அவருடைய சம்மதத்தோடு, ஆள் அடையாளமும் தொகைகளும் ஓரளவு மாற்றப்பட்டு இந்த விவரம் எழுதப்படுகிறது.

இணையத்தில் ஈட்டும் வருமானத்தை மறைப்பவர்கள் எல்லாரும் திட்டமிட்டு மறைப்பவர்கள் என்று நான் முன்பு நினைத்திருந்தேன். இந்த ஒரு விவகாரத்தை முழுதாகப் பிரித்துப் பார்த்த பிறகு, கேட்கிற ஆளுக்கு ஏற்றாற்போல் ஒரே வருமானத்தை ஒவ்வோர் அளவில் சொல்லிப் பழகியதே இதன் வேர் என்றும், வரித்துறைக்குச் சொல்லாமல் விட்டது அந்தப் பழக்கத்தின் ஒரு கிளை மட்டுமே என்றும் எனக்குத் தோன்றுகிறது.

பின்னணி

அவர் மெக்கானிக்கல் டிப்ளமோ படித்தவர். திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக இருந்தவர், 2020 ஊரடங்கில் வீடு திரும்பிய நாட்களில் தோட்டத்து இயந்திரங்களைப் பற்றி வீடியோ போடத் தொடங்கினார். களையெடுக்கும் பவர் வீடர், மஞ்சள் வேகவைக்கும் நீராவிக் கொப்பரை, தென்னை மரம் ஏறும் கருவி என்று ஒவ்வொன்றையும் ஓட்டிக் காட்டி, எங்கே நட்டு கழலும், எந்தப் பெல்ட் சீக்கிரம் தேயும் என்று சொல்வதுதான் அவருடைய பாணி. விவசாயிகள் அவரை நம்பியதற்கு அதுவே காரணம். சேனலில் விளம்பர வருமானம் நிலைத்த பிறகு, 2022 செப்டம்பர் இறுதியோடு திருப்பூர் வேலையை விட்டார். 2022-23 நிதியாண்டில் ஆறு மாதச் சம்பளமும் விளம்பரப் பணமும் சேர்ந்து 2,15,000 ரூபாய். அடிப்படை வரம்பான இரண்டரை லட்சத்துக்குள் இருந்ததால் அந்த ஆண்டில் சிக்கல் எதுவும் இல்லை. சிக்கல் முழுவதும் 2023-24இல் இருந்தது.

பணம் வந்த வழிகள்

எங்கள் அலுவலகத்தில் இப்படி வருபவர்களிடம் முதலில் வருமானம் எவ்வளவு என்று கேட்பதில்லை. பணம் எந்தெந்த வழியில் வந்தது என்றே கேட்போம். அவர் "யூடியூப்புல வர்றதுதானுங்க, வேற என்ன" என்றார். வருமான வரித்துறையின் இணையதளத்தில் அவருடைய பான் எண்ணைக் கொண்டு உள்ளே நுழைந்து, ஏ.ஐ.எஸ். எனப்படும் ஆண்டுத் தகவல் அறிக்கையைத் திறந்து காட்டியபோதுதான் அவர் நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டார். 2021 நவம்பரிலிருந்து நடைமுறையில் இருக்கும் இந்த அறிக்கையில், நம் பெயரில் பிறர் பிடித்தம் செய்து கட்டிய வரியும், வங்கிகளும் நிறுவனங்களும் தந்த தகவல்களும் வரிசையாக நிற்கும்.

அதில் மூன்று பதிவுகள் இருந்தன. விளம்பரதாரர்களாக வந்த இரண்டு இயந்திர நிறுவனங்கள் அவருக்குத் தந்த 1,80,000 ரூபாய், தொழில்முறைக் கட்டணத்துக்கான பிரிவு 194ஜேயின் கீழ் பத்து விழுக்காடு பிடித்தத்தோடு இருந்தது. கருவிகளை வாங்குவதற்கான இணைய லிங்க்கைப் பகிர்ந்து கிடைத்த கமிஷன் 42,800 ரூபாய், ஐந்து விழுக்காடு பிடித்தத்தோடு இருந்தது. மூன்றாவது பதிவுதான் அவரைத் திகைக்க வைத்தது: பிரிவு 194ஆர், தொகை 68,000 ரூபாய், பிடித்தம் 6,800 ரூபாய். அப்படி ஒரு பணம் தனக்கு வரவேயில்லை என்று சாதித்தார். சற்று யோசித்துவிட்டு, வீடியோவுக்காக ஒரு நிறுவனம் அனுப்பி, திருப்பிக் கேட்காமல் விட்டுவிட்ட பவர் வீடர் நினைவுக்கு வந்தது. அதை இறக்கிய அன்று 6,800 ரூபாய் அனுப்பச் சொன்னார்களாம். "லாரி வாடகைன்னு நெனச்சேனுங்" என்றார். 2022 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த இந்தப் பிரிவின்படி, தொழில் சார்ந்து ஒருவருக்கு ஆண்டில் 20,000 ரூபாய்க்கு மேல் பொருளாகவோ சலுகையாகவோ தந்தாலும் பத்து விழுக்காடு வரி கட்டப்பட வேண்டும். வீடியோவுக்குத் தந்த பொருளைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் அது பலன் ஆகாது, வைத்துக்கொண்டால் பலன் ஆகும் என்று வரித்துறையின் 2022ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை தெளிவாகவே சொல்கிறது. அந்த வீடர் இன்றும் அவருடைய அப்பாவின் தோட்டத்தில்தான் ஓடுகிறது.

அறிக்கையில் இல்லாதவை இரண்டு, தொகையில் அவையே பெரியவை. ஒன்று, சிங்கப்பூரிலிருந்து மாதந்தோறும் 21ஆம் தேதிக்கும் 26ஆம் தேதிக்கும் இடையில் வந்து விழும் விளம்பரப் பணம். "இதுதான் அதுல இல்லியே, பின்ன எதுக்குங்க காட்டோணும்?" என்று அவர் கேட்டார். இந்தக் கேள்வியைப் பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அந்த அறிக்கை துறைக்குத் தெரிந்தவற்றின் பட்டியலே தவிர, நம் வருமானத்தின் எல்லை அல்ல என்பதை ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்தியாவில் வசிப்பவருக்கு உலகில் எங்கிருந்து வரும் வருமானமும் இங்கே வரிக்கு உட்பட்டது. வங்கிக்கு வந்த தொகை 5,51,000 ரூபாய். அமெரிக்காவில் இருந்து பார்த்த தமிழர்களால் வந்த சிறு பங்குக்கு அந்நாட்டு வரியாக 1,200 ரூபாய் பிடிக்கப்பட்டிருந்தது. எனவே கணக்கில் ஏற வேண்டியது 5,52,200. அந்த 1,200 ரூபாயை இங்கே கட்டும் வரியில் கழித்துக்கொள்வதற்காகப் படிவம் 67 போடும் வேலை வேண்டாம் என்று அவர் விட்டுவிட்டார். அது அவர் விருப்பம். ஆனால் பிடித்தம் போக மிஞ்சியதை மட்டும் வருமானமாகக் காட்டுவது, சிறியதானாலும், குறைத்துச் சொல்வதுதான்.

இரண்டாவது வழியைச் சொல்ல அவர் மூன்றாம் சந்திப்பு வரை எடுத்துக்கொண்டார். "வீடியோ போட்டுச் சம்பாதிப்பது எப்படி" என்று 1,999 ரூபாய்க்கு ஓர் இணைய வகுப்பு நடத்தியிருந்தார். அந்த ஆண்டில் 171 பேர் சேர்ந்திருந்தார்கள். பணம் முழுவதும் அவருடைய அம்மாவின் யு.பி.ஐ. கணக்குக்குப் போயிருந்தது, மொத்தம் 3,41,829 ரூபாய். "அம்மா பேர்ல வந்தா யாரும் பாக்க மாட்டாங்கன்னு ஃப்ரெண்டு சொன்னானுங்". எவர் கணக்கில் விழுந்தது என்பது அல்ல, எவர் உழைப்பால் வந்தது என்பதே வரிச் சட்டம் பார்ப்பது. அம்மாவுக்கு அந்த வகுப்பில் ஒரு பங்கும் இல்லை, கைப்பேசியைத் தந்ததைத் தவிர.

எல்லாம் சேர்ந்து 11,84,829 ரூபாய் வரவு. ஜி.எஸ்.டி. பதிவுக்கான 20 லட்சம் வரம்பைத் தொடவில்லை. வெளிநாட்டிலிருந்து வரும் பணத்துக்கு ஜி.எஸ்.டி. இல்லை என்று இந்த வட்டாரத்து இளைஞர்கள் உறுதியாக நம்புகிறார்கள். அது பாதி உண்மைதான். சேவை ஏற்றுமதிக்குப் பூஜ்ய வரி என்றாலும், வரம்பைக் கணக்கிடும்போது அந்தத் தொகையும் சேர்த்தே எண்ணப்படும்.

குறைத்துக் காட்ட வந்த யோசனைகள்

முதல் யோசனை, இந்த மண்ணில் எதிர்பார்க்கக் கூடியதுதான்: வகுப்புப் பணத்தை மஞ்சள் விற்ற பணமாகக் காட்டிவிடலாம் என்றார். விவசாய வருமானத்துக்கு வருமான வரி கிடையாது என்பது கொங்கு நாட்டில் ஏடு தொடாதவருக்கும் தெரியும். ஆனால் மஞ்சள் வீட்டு வாசலில் விலைபோகும் சரக்கு அல்ல. ஈரோடு ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்திலோ கோபி கூட்டுறவு விற்பனைச் சங்கத்திலோ மூட்டையைப் பிரித்து, விரலியையும் கிழங்கையும் தனித்தனியே மாதிரி எடுத்து, ஏலம் விட்டு, விற்றவர் பெயரில் சீட்டுப் போடும் சரக்கு. அவருடைய வீட்டுச் சீட்டுகள் எல்லாம் அப்பாவின் பெயரில் இருந்தன. மூன்றரை ஏக்கர் நிலமும் அப்பாவின் பெயரில்தான் இருந்தது. தவிர, வேறு வருமானம் உள்ளவரின் விவசாய வருமானம் 5,000 ரூபாயைத் தாண்டினால், வரி விகிதத்தைக் கணக்கிட அதையும் சேர்த்துக்கொள்வார்கள் என்பதும், ஐந்து லட்சத்தைத் தாண்டினால் நிலம் இருக்கும் மாவட்டம், அஞ்சல் குறியீட்டு எண், ஏக்கர், சொந்தமா குத்தகையா, பாசனமா மானாவாரியா என்று கணக்குப் படிவத்திலேயே எழுத வேண்டும் என்பதும் பலருக்குத் தெரியாது. இதையெல்லாம் சொன்ன பிறகும் அவர் தளரவில்லை. அவருடைய அப்பாவின் பெயரைக் கேட்டு, "இந்த மஞ்சளை யாருங்க வெளைய வெச்சது?" என்று எங்கள் அலுவலகத்து மூத்தவர் கேட்டபோதுதான் பேச்சு நின்றது.

இரண்டாவது யோசனை ஒரு பிரவுசிங் சென்டரில் கிடைத்தது. பிரிவு 44ஏடியின் கீழ், வங்கி வழி வந்த வரவில் ஆறு விழுக்காட்டை மட்டும் லாபமாகக் காட்டினால் வரியே வராது, ஐநூறு ரூபாய் கொடுத்தால் போட்டுத் தருகிறோம் என்றார்களாம். அந்தக் கணக்கில் லாபம் எழுபதாயிரத்துச் சொச்சம், வரி பூஜ்யம். சட்டம் அனுமதிக்கும் சலுகைதானே, இதில் என்ன பொய் என்று கேட்கலாம். கமிஷன் வருமானம் உள்ளவருக்கு அந்தப் பிரிவு பொருந்தாது என்று அதே பிரிவின் ஆறாம் உட்பிரிவு சொல்கிறது. இவருக்கோ 42,800 ரூபாய் கமிஷன், அதுவும் துறையின் அறிக்கையிலேயே இருக்கிறது. அது இல்லையென்றாலும், உண்மை லாபம் வரவில் முக்கால்வாசி என்று தெரிந்துகொண்டே ஆறு விழுக்காடு என்று கையெழுத்திடுவது எனக்கு ஒப்பவில்லை. கணக்கேடு வைக்க முடியாத சிறு கடைக்காரருக்காக வந்த வழி அது. அதற்கு மேல் ஈட்டியிருந்தால் அதைக் காட்டலாம் என்பதும் அந்தப் பிரிவின் வாசகத்திலேயே இருக்கிறது. இந்தக் கருத்தில் என்னோடு முரண்படும் வரி ஆலோசகர்கள் ஈரோட்டிலேயே பலர் உண்டு.

மூன்றாவது, செலவுப் பட்டியல். அவர் எழுதிக் கொண்டு வந்தது 5,10,000 ரூபாய்க்கு. வீடியோ தொகுத்துத் தரும் பையனின் சம்பளம், இணையக் கட்டணம், கேமராவுக்கும் மடிக்கணினிக்கும் தேய்மானம், படப்பிடிப்புக்குப் போன பயணம் ஆகியவற்றில் கேள்வி இல்லை. பண்ணாரி அம்மன் குண்டத்துக்குக் குடும்பத்தோடு போன காரின் பெட்ரோலும், அங்கே ஒரு நிமிட வீடியோ எடுத்த காரணத்தால், பட்டியலில் இருந்தது. தொழிலுக்காகவே முழுக்க முழுக்கச் செய்த செலவு என்பதே அளவுகோல் என்று வைத்து, ரசீதும் வங்கிப் பதிவும் இருந்தவற்றை மட்டும் கொண்டபோது 2,96,829 ரூபாய் நின்றது. லாபம் 8,88,000, மாதத்துக்கு 74,000.

வரி எவ்வளவு

புதிய வரி முறையில் அந்த ஆண்டுக்கு 43,800 ரூபாய் வரி, அதன்மேல் நான்கு விழுக்காடு செஸ் சேர்த்து 45,552. நிறுவனங்கள் முன்பே பிடித்துக் கட்டியிருந்தது, அந்த "லாரி வாடகை" உட்பட, 26,940. எஞ்சியது 18,612 ரூபாய். இந்தத் தொகையை மேசையில் எழுதிக் காட்டியபோது அவர் நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு ஆண்டுகளாக அம்மாவின் கணக்கு, நண்பனின் யோசனை, மஞ்சள் கதை என்று சுற்றியது எல்லாம் இந்தப் பதினெட்டாயிரத்துச் சொச்சத்துக்காகத்தான். லட்சக்கணக்கில் வரும் என்று அஞ்சிக்கொண்டிருந்தாரே தவிர, ஒருமுறைகூடக் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கவில்லை.

கெடு தாண்டியிருந்ததால், விட்டுப்போன வருமானத்தைப் பிந்திக் காட்ட 2022இல் கொண்டுவரப்பட்ட அப்டேட்டட் ரிட்டர்ன் வழியைத்தான் எடுக்க வேண்டியிருந்தது. இவ்விவகாரத்து ஆண்டுகள் 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்துக்கு உட்பட்டவை. 2026 ஏப்ரல் 1 முதலான புதிய சட்டத்தில் பிரிவு எண்கள் வேறு. மதிப்பீட்டு ஆண்டு, அதாவது வருமானம் ஈட்டிய நிதியாண்டுக்கு அடுத்த ஆண்டு, முடிந்த பன்னிரண்டு மாதத்துக்குள் தாக்கல் செய்தால் வரியும் வட்டியும் சேர்ந்த தொகையில் 25 விழுக்காடு கூடுதல் வரி. அடுத்த பன்னிரண்டு மாதத்துக்குள் என்றால் 50. 2025இல் கெடு நான்கு ஆண்டாக நீட்டப்பட்டு, பிந்திய இரண்டு ஆண்டுகளுக்கு 60, 70 என்று ஏறுகிறது. வரியைக் குறைக்கவோ பணம் திரும்பப் பெறவோ இந்த வழி உதவாது. இவர் 25 விழுக்காட்டுக் கட்டத்தில் இருந்தார். வட்டி 7,629, தாமதக் கட்டணம் 5,000, கூடுதல் வரி 6,560 என்று எல்லாம் சேர்த்து அவர் கட்டியது ஏறத்தாழ 37,800 ரூபாய். துறையே கண்டுபிடித்து, தவறாகக் காட்டியதாக முடிவு செய்திருந்தால், மறைத்த வருமானத்தின் வரியைப் போல் இரண்டு மடங்கு அபராதம் தனியே வந்திருக்கும். 2024-25ஆம் ஆண்டுக்கு டிசம்பர் 31 வரை அவகாசம் இருந்ததால், அது தாமதக் கணக்காகச் சிக்கலின்றி முடிந்தது.

வங்கியிடம் பதினைந்து லட்சம் என்று சொல்ல நினைத்தவர், 8,88,000 என்ற கணக்கோடு போனார். கேட்டது 35 லட்சம், கிடைத்தது 22 லட்சம். மாடி எழுப்பும் திட்டம் நின்றது.

விளம்பரத்தில் சொன்ன கணக்கு

இந்த விவகாரத்தில் எனக்கு மிகவும் உறுத்தியது வரிக்குச் சொல்லாதது அல்ல. வகுப்புக்கு ஆள் சேர்க்கச் சொன்னது. அந்த விளம்பரத்தில் அவர் கைப்பேசித் திரையின் படம் ஒன்றைக் காட்டியிருந்தார். வருமானம் 3,12,000 ரூபாய் என்று பச்சை அம்புக்குறியோடு இருக்கும். அந்த எண் பொய் அல்ல. யூடியூப் ஸ்டுடியோ வழக்கமாகக் கடந்த 28 நாள் கணக்கைக் காட்டும். அவர் அதைக் கடந்த 365 நாள் என்று மாற்றி வைத்துப் படம் எடுத்து, நாள் எண்ணிக்கை இருந்த மேல்விளிம்பை மட்டும் வெட்டியிருந்தார். "மாதம்" என்ற சொல்லை வீடியோவில் எங்கும் உச்சரிக்கவில்லை. பார்ப்பவர் தாமாகவே அதைச் சேர்த்துக்கொள்வார் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. இயந்திரத்தின் நட்டு எங்கே கழலும் என்று சொல்லி நம்பிக்கை சம்பாதித்த அதே குரலில்தான் இதையும் பேசியிருந்தார். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி தவறான எண்ணம் தரும் விளம்பரத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் பத்து லட்சம் வரை அபராதம் விதிக்கலாம். அது அவருக்குத் தெரியாது. ஆனால் தெரிந்த ஒன்று இருந்தது: அவருடைய ஆண்டு வரவில் நூற்றுக்கு ஏறத்தாழ 29 பங்கு, சம்பாதிப்பது எப்படி என்று சொல்லிக் கொடுத்தே வந்தது.

சேர்ந்த 171 பேரில் ஒருவர் பவானிக்காரர், ஜமக்காளத் தறி ஓட்டும் வீட்டுப் பையன். நகையை அடமானம் வைத்துக் கேமரா வாங்கினாராம். இதைச் சொன்னபோது யூடியூபர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டுதான் பேசினார். அந்தப் பையனுக்கு 1,999 ரூபாயைத் திருப்பி அனுப்பினார். கேமராவுக்கு என்ன செய்வது என்று அவருக்கும் தெரியவில்லை, எங்களுக்கும் தெரியவில்லை. பிறகு அந்த விளம்பரத்தை எடுத்துவிட்டு, செலவு போக மாதம் 74,000 என்றும், அதில் வகுப்புப் பணமும் அடக்கம் என்றும் சொல்லி வேறொன்று போட்டார். அடுத்த மாதம் சேர்ந்தவர்கள் ஒன்பது பேர்.

அந்த விளம்பரம் வேறோர் இடத்துக்கும் போயிருந்தது. காங்கயம் பக்கத்தில் பெண் பார்த்தபோது, அவர் வாய் திறப்பதற்கு முன்பே பெண்ணின் தாய்மாமன், "மாசம் மூணு லட்சம் வருதாமா மாப்ள?" என்று சிரித்துக்கொண்டே கேட்டிருக்கிறார். இவர் மறுக்காமல் காப்பி டம்ளரை எடுத்துக்கொண்டார். கணக்குத் தாக்கல் முடிந்த வாரம் அவரே தாய்மாமனுக்குப் போன் போட்டு உண்மை எண்ணைச் சொன்னதாக எங்களிடம் கூறினார். பேசிச் சொல்கிறோம் என்றார்களாம்.

அம்மாவின் பாஸ்புக்

அம்மாவின் கணக்கில் வந்தது மகனின் வருமானம் என்று பதிவு செய்ய, அவருடைய வங்கிக் கணக்கின் விவரம் வேண்டியிருந்தது. மஞ்சப்பையில் பாஸ்புக்கைச் சுற்றி அவரே கொண்டு வந்தார். பக்கம் முழுக்க 1,999, 1,999 என்று வரிசை. நடுநடுவே, ஒவ்வொரு மாதமும் 15ஆம் தேதியை ஒட்டி, ஒரு 1,000. நாங்கள் 1,999களை எண்ணிக்கொண்டிருந்தபோது அவர் விரல் அந்த ஆயிரத்தின் மேல் வந்து நின்றது.

"ஏனுங் தம்பி, பையன் வரி கட்டறவன்னு ஆயிருச்சுன்னா, எனக்கு வர்ற இந்த மகளிர் தொகை என்னாகுமுங்க?"

கலைஞர் மகளிர் உரிமைத் தொகை 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும் என்பதும், அதற்கு மேல் ஈட்டி வருமான வரி கட்டுவோர் குடும்பத்துக்குத் தகுதி இல்லை என்பதும் அதன் விதிகள். மகன் பெயர் அவர்கள் ரேஷன் கார்டில்தான் இருக்கிறது. 2023 ஆடியில் முகாமில் விண்ணப்பம் எழுதியபோது, போன வருட வருமானத்தை வைத்து, தெரிந்ததைத்தான் சொன்னதாக அவர் கூறினார். மகனின் முந்தைய ஆண்டுக் கணக்கு 2,15,000 என்பதை நாங்களும் பார்த்திருக்கிறோம். அதன் பிறகு வந்த ஆயிரங்களைப் பற்றி அப்படிச் சொல்ல வழியில்லை. இதை அவரிடம் சுற்றி வளைக்காமல் சொன்னோம்.

மகன், "அதெல்லாம் நாமளாப் போய்ச் சொல்லோணும்னு இல்லீங்கம்மா" என்று தொடங்கி, எங்களைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

அம்மா பாஸ்புக்கை மடித்துப் பையில் வைத்தார். "தாலுக்கா ஆபீசுலயா சொல்றது, இல்ல ரேஷன் கடையிலயாங்க?" என்று கேட்டார். தாலுகா அலுவலகம் என்றோம். திங்கட்கிழமை தோட்டத்தில் ஆள் வேலை இருப்பதாகவும், செவ்வாய்க்கிழமை போவதாகவும் சொல்லிவிட்டு, மகனுக்கு முன்னால் படி இறங்கினார்.